கூடுதலும் கடப்பாடும்

2020ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டை இலங்கை மக்கள் ஊரடங்கினுள் கழித்தனர். 2021 சித்திரையில் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. இழந்த ஓராண்டைச் சில விடுமுறை நாட்களிலேயே ஈடுசெய்ய விழைந்தோர்போல உறவினர் ஒருவரையொருவர் தேடிச் சென்றனர். தொடர்ந்து எழுந்த மூன்றாவது அலையை யாவரும் அறிவர். அவ்வாண்டு ஏப்ரலில் ஆயிரத்தை எட்டாதிருந்த கொவிட் மரணங்களின் மொத்தம், ஆண்டிறுதியில் 14,000ஐக் கடந்தது.

கூடி மகிழ்ந்தோர் குற்றவாளிகளா? புதிய வைரசுத் திரிபுகளுக்கும் இதிற் பங்குண்டு. பழி முழுவதையும் விருந்தினர்மீது சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும், 'சட்டம் இடந்தந்தது' என்னும் விடை போதாது. சட்டம் தண்டனையினின்றே விலக்களிக்கும். தன் மகிழ்ச்சியின் விலையைப் பிறர் செலுத்தக்கூடும் என அறிந்தவனின் கடப்பாட்டை அது நீக்குவதில்லை.

அப்பிறர் யாவர்? கைவிசேடம் கொடுப்பவர் வீட்டின் மூத்தவர். நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியவரும் அவரே. எஞ்சிய ஆண்டுகள் சிலவேயான ஒருவருக்கு ஒரு சித்திரை சிறிய இழப்பன்று. அபாயம் அவருடையதெனின், முடிவும் ஓரளவு அவருடையதே. அவரைக் கேளாது சென்றவரும், அவரைக் காப்பதாகக் கூறிக் கேளாமலே செல்லாதிருந்தவரும் இவ்வகையில் ஒரே தவற்றையே புரிந்தனர். எனினும், அவர் இசைந்தாலும், அவர்வழி நோயுறக்கூடிய அயலவர் இசையவில்லையே. அவ்விடத்தில் எனது வாதம் தளர்ந்துவிடுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.