வாசல் வெளிச்சம்

கடைக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் செய்த காரியம், மேசைமேல் வைத்திருந்த மாதிரி போனை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்ததுதான். போனின் முதுகில் ஒட்டியிருந்த ஒயர் இரண்டடியில் இழுத்துப் பிடித்தது. கடைப் பையன் ஓடிவந்தான். “வெயில்ல பாக்கணும் தம்பி. டியூப் லைட்டுல பாத்து எந்தக் கலரையும் நம்பக் கூடாது” என்றாள். அவன் ஒயரைக் கழற்றிவிட்டு, கூடவே வந்து வாசல்படியில் நின்றான்.

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுப் புடவையை யாரும் கடை வெளிச்சத்தில் முடிவு செய்வதில்லை. மடிப்பைப் பிரித்து, முந்தியைத் தோளில் போட்டு, தெருவுக்கு வந்து ஒருமுறை பார்ப்பார்கள். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே மிளகாய்ப்பழச் சிவப்பாக இருக்கும். கருப்பு என்று நினைத்தது கத்தரிப்பூ நிறமாக இருக்கும். ஒரு விளக்கால் தன்னிடம் உள்ள நிறங்களைத்தான் துணிக்குக் கொடுக்க முடியும். வெயிலிடம் எல்லா நிறமும் இருக்கிறது.

அம்மா தறி வீட்டில் வளர்ந்தவள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். அதற்கு ஒருவர் கை போதாது. தாத்தாவின் தறியில் ஒரு பக்கம் உட்கார்ந்து கரை நாடா தள்ளும் வேலை அவளுக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. இப்போது எழுபத்தொன்று. போன ஆடியில் வலது கண்ணுக்குப் புரை அறுவை ஆகியிருந்தது, இடது கண்ணுக்குத் தை மாதம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழைய போனின் எழுத்து தெரியவில்லை என்றுதான் ஆவணியில் புதுசு வாங்கப் போனோம்.

மூன்று நிறங்கள் இருந்தன. அவள் கையில் இருந்ததைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்து, “இது மயில்கழுத்து” என்றாள். மயில்கழுத்து என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடும்போது இரண்டும் சேர்ந்து கண்ணில் உண்டாகும் நிறம் அது. துணியை அசைத்தால் ஒருமுறை நீலம் எழும்பும், ஒருமுறை பச்சை எழும்பும். அந்தப் போனின் முதுகும் வெயிலில் அப்படித்தான் மாறியது.

“கவர் போட்டுட்டா ஒண்ணுமே தெரியாது பாட்டி” என்றான் பையன்.

“கவர் மாத்தும்போது நான் பாப்பேன்ல?”

நானும் அந்தப் பையனின் கட்சியில்தான் இருந்தேன். போனின் நிறம் என்பது மேல்பூச்சு, அதற்குப் போய் இவ்வளவு நேரமா என்று நினைப்பவன். ஆனால் செய்கிறவர்களுக்கு அது சும்மா பூசிவிடும் விஷயமாக இருந்ததில்லை. 2010 ஜூனில் ஆப்பிளின் ஐபோன் 4 வந்தபோது கருப்பு மட்டும்தான் கடைக்கு வந்தது. அறிவித்திருந்த வெள்ளை 2011 ஏப்ரல் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. வெள்ளைப் பூச்சுக்கும் உள்ளே இருந்த பாகங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கவும் அந்த வெள்ளைக்குக் கூடுதல் காப்பு தேவைப்பட்டது. ஒரு வெள்ளையை வெள்ளையாகவே நிறுத்தி வைக்கப் பத்து மாதம்! தறிக்காரர் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்.

நிறம் தேர்ந்தாயிற்று. வீட்டுக்கு வந்து திரையின் அமைப்புகளைச் சரிசெய்ய நான் உட்கார்ந்தேன். இது என் தொழில். அச்சகத்தில் பக்க வடிவமைப்பும் நிறத் திருத்தமும் செய்து இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. போன் வந்தபோதே ‘விவிட்’ என்ற அமைப்பில் இருந்தது. சிவப்பெல்லாம் கொதித்தது, புல்வெளிப் படம் பெயிண்ட் அடித்ததுபோல் நின்றது. அதை ‘நேச்சுரல்’ என்பதற்கு மாற்றினேன். எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் படங்களைக் காட்டும் அமைப்பு அது. திரையின் வெள்ளையை 6500 கெல்வினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் 2700 அளவில் இருக்கும். எண் ஏற ஏற நீலம் கூடும். 6500 என்பது பகல் வெளிச்சத்தை ஒத்தது என்று உலகம் ஒப்புக்கொண்ட எண்.

“இதுதாம்மா சரியான கலர்” என்று நீட்டினேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். “எந்தக் கண்ணுக்குச் சரி?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற மஞ்சளித்துக்கொண்டே போகிறது. மெதுவாகப் பல ஆண்டுகளாக நடப்பதால் மூளை அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே தெரிந்துகொண்டிருக்கும். புரை முற்றினால் அந்த மஞ்சள் பழுப்பாகும். அறுவையில் அந்த லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸை வைத்ததும், இத்தனை காலம் வடிகட்டப்பட்ட நீலம் ஒரே நாளில் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு கண் முடிந்து மற்றொன்று காத்திருக்கும் மாதங்களில் அந்த மனிதருக்கு இரண்டு வெள்ளைகள். அம்மாவின் வலது கண்ணுக்கு வேட்டி நீலம் போட்டு அலசியதுபோல் இருந்தது. இடது கண்ணுக்கு அதே வேட்டி பெட்டியில் பத்து வருஷம் கிடந்ததுபோல் இருந்தது.

ஓவியர் மோனேவுக்கு இதுதான் நேர்ந்தது. 1923-இல் அவருக்கு வலது கண்ணில் மட்டும் அறுவை நடந்தது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை ஹெரால்டு ரிட்லி லண்டனில் தொடங்கியதே 1949-இல்தான். அதனால் மோனேவுக்குத் தடித்த கண்ணாடிதான் கிடைத்தது. ஒரு கண்ணில் உலகம் நீலமாகவும் மறு கண்ணில் மஞ்சளாகவும் தெரிய, அவர் நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இடது கண்ணைத் தொட அவர் விடவே இல்லை. வாழ்நாள் முழுக்க நிறத்தையே நம்பிய ஒருவர், எந்தக் கண்ணை நம்புவது என்று தெரியாமல் தூரிகையோடு நின்றிருக்கிறார். இந்தச் செய்தியைப் பல வருஷமாக அறிவேன். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும்வரை அதன் கனம் எனக்குப் புரியவில்லை.

என் தொழிலிலும் ஒரே வெள்ளை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். திரையை 6500-இல் வைக்கிறோம். அச்சான தாளைச் சரிபார்க்கும் விளக்கோ 5000. இரண்டும் இரண்டு உடன்பாடுகள். நாலு பேர் ஒரே தாளைப் பார்த்துப் பேச ஒரு பொது வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வந்தவை, அந்த இடத்தில் அவை இன்றியமையாதவை. நான் செய்த பிழை, பொதுவில் பேசுவதற்காக வகுத்த எண்ணை ஒருத்தி தனியாக உட்கார்ந்து பேரனின் படத்தைப் பார்க்கும் திரைக்கும் சரி என்று தீர்ப்பாகச் சொன்னது.

அன்று இரவு சமையலறை விளக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கிருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்ற வெள்ளை எல்இடி போட்டுக் கொடுத்தவன் நான். “இப்போ நல்லா வெளிச்சமா இருக்குல்ல?” என்று கேட்டேன், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதன்பிறகு அம்மா சமைக்கும்போது ஒரு கையைப் புருவத்தின்மேல் வைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வழக்கமாகிப்போன சைகை என்று நினைத்தேன். புரை விழுந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும், பளிச்சென்ற விளக்கு அதற்குக் கூச்சமாக முகத்தில் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை அந்தக் கையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வயதான தாய் தகப்பனுக்கு நாம் செய்து கொடுக்கும் வசதிகளில் எத்தனை இப்படி இருக்கின்றன. கட்டிலின் உயரம், மாத்திரை டப்பா, குளியலறைக் குழாய், டிவியின் சத்தம். அன்பில் குறை கிடையாது. செலவுக்கும் அஞ்சுவதில்லை. ஆனால் நம் உயரத்துக்கும் நம் காதுக்கும் நம் கண்ணுக்கும் அளவெடுத்து, அவர்கள் உடம்பில் போட்டுவிடுகிறோம். அவர்களும், பிள்ளை ஆசையாகச் செய்தது என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையை நாம் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறோம்.

மறுநாள் நான் எதையும் தொடாமல் அம்மாவிடமே போனைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வைத்தேன். கருப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து அவளுக்கு ஆகவில்லை. “எழுத்தெல்லாம் ஊறிக்கிட்டு ஒழுகுது” என்றாள். வெள்ளைத் தளத்தில் கண்மணி சுருங்குவதால் எழுத்து கூர்மைப்படும் என்பார்கள், ஆனால் முழு வெள்ளை கூசியது. வெளிச்சத்தைத் தணித்து, நிறத்தை மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தியதும் முகம் இளகியது.

எழுத்தின் அளவில்தான் அதிக நேரம் போனது, எனக்குக் கோபமும் அங்கேதான் வந்தது. பெரிய எழுத்துக்கு மாற்றினால் தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்குவதில்லை. ‘அறிவிப்’ என்று நின்றுவிட்டு மூன்று புள்ளிகள். ‘அழைப்பை நிரா’ என்று ஒன்று. சில செயலிகளில் ‘கீ’, ‘வீ’ போன்ற எழுத்துகளின் தலைச்சுழி மேல் விளிம்பில் வெட்டுப்படுகிறது. அது போனால் ‘வீடு’ ‘விடு’ ஆகிவிடும். நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த கட்டத்துக்குள் பத்தெழுத்துத் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் இப்படித்தான் ஆகும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களில் பலர் தமிழில் போன் பார்ப்பவர்கள். அவர்களுக்குத்தான் சொல் பாதியில் அறுந்துபோகிறது. கட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, வரிக்கு மேலே இரண்டு நூல் இடம் விட்டால் தீரும் குறை இது. கடைசியில் மிகப் பெரிய அளவுக்கு ஒரு படி கீழே நிறுத்தினோம். மீதியை அவள் ஊகித்துப் படிக்கிறாள்.

அன்று மாலை ஒன்று நடந்தது. ஈரக் கையோடு அம்மா போனை எடுக்க, திரைமேல் ஒரு துளி தண்ணீர் விழுந்தது. துடைக்கப் போனவள் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். துளி லென்ஸாக மாறி, வெள்ளைத் திரையைச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிரித்துக் காட்டியது. “வெள்ளையே இல்லையே இதுல!” என்றாள். இல்லைதான். இந்தத் திரையில் வெள்ளை என்று ஒரு புள்ளி கிடையாது. மூன்று நிறப் பொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன, அவற்றைச் சேர்த்து வெள்ளையாக்குவது கண். ஒவ்வொன்றும் 256 படிகளில் ஏறி இறங்க, மூன்றும் கலந்து 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்கு மேல் வரும். நான் சொல்லி முடிக்குமுன் அவள், “பாவும் ஊடையும்தான்” என்று சொல்லிவிட்டுத் துளியை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

தை மாதம் இடது கண்ணுக்கும் அறுவை முடிந்தது. சமையலறை விளக்கை நான் முன்பே மாற்றியிருந்தேன், இம்முறை மூன்று விளக்குகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக எரியவிட்டு அவளையே பார்க்கச் சொல்லி. போனை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பங்குனியில் ஒரு ஞாயிறு காலை ஊருக்குப் போனபோது, அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் குண்டுமல்லி. மடியில் போன். திரை முழுக்க அவளே எடுத்த மல்லிகைப் படம், அதன் ஓரத்தில் ஒரு நிஜப் பூ. அமைப்புகளைத் திறப்பாள், நிறக் கோட்டில் விரலை ஒரு மயிரிழை நகர்த்துவாள், படத்துக்குத் திரும்பி வந்து பூவைப் பார்ப்பாள், மறுபடி போவாள்.

“சாயப்பட்டறையில தாத்தா இப்படித்தான் கண்ணு. மாதிரி நூலைப் பக்கத்துல வெச்சுக்குவாரு. தொட்டியிலேருந்து எடுத்த நூலை வெயில்ல காட்டுவாரு. ரெண்டும் ஒண்ணா தெரியிறவரைக்கும் விட மாட்டாரு.”

யோசிக்க யோசிக்க அது எனக்கு வியப்பாக இருந்தது. கண்ணில் எந்தச் சாயல் இருந்தாலும் அது பூவின்மேலும் விழும், திரையின்மேலும் விழும். இரண்டையும் ஒரே கண்ணால் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சாயல் ஏறக்குறைய கழிந்துபோகிறது. மஞ்சளித்த கண்ணும் புதுக் கண்ணும் அநேகமாக ஒரே இடத்தில்தான் விரலை நிறுத்தும். ஆவணியில் இரண்டு வெள்ளைகளுக்கு நடுவே நான் தேடித் தோற்றதை அவள் ஒரு பூவை வைத்துப் பிடித்துவிட்டாள்.

விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். நடுவிலிருந்து மஞ்சள் பக்கம் இரண்டு படி. அதே படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி என் போனில் திறந்து அவளுடையதன் பக்கத்தில் பிடித்தேன். என்னுடைய மல்லிகை லேசாக நீலம் பாரித்து, பிரிட்ஜில் வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

அம்மா தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து என் திரைமேல் வைத்தாள். “உக்காரு. வெயில் ஏர்றதுக்குள்ள நீயும் பாத்துக்க” என்று படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.