கூடாரமும் தவக்குலும்

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நம் குடும்பங்களிலும் சிலர் மலைப்பக்கம் சென்று, கூடாரம் அடித்து, ஓரிரு இரவு தங்கி வருகிறார்கள். தொழுகையும் ஒழுக்கமும் பேணப்படும் வரை இதில் குறை காண்பதற்கில்லை. இறைவனின் படைப்புகளைப் பார்த்துப் படிப்பினை பெறும்படி திருமறையே நம்மைத் தூண்டுகிறது. ஆனால் புறப்படும் நாள் நெருங்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. இடியுடன் மழை வரலாம் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. "அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள், அவன் நாடாமல் எதுவும் நடக்காது" என்கிறார் ஒருவர். "மழை வராது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் நான் வருவேன்" என்கிறார் இன்னொருவர். இவ்விருவரில் தவக்குல் உடையவர் யார்?

இரண்டாமவர் கேட்கும் உறுதி எந்த மனிதனிடமும் கிடையாது. மழையை இறக்குபவன் அல்லாஹ் ஒருவனே; நாளை தாம் என்ன சம்பாதிப்போம் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று லுக்மான் அத்தியாயம் (31:34) தெளிவாகக் கூறுகிறது. அப்படியானால் வானிலை அறிக்கையைப் பார்ப்பதே ஈமானுக்குப் பழுதோ என்று சிலர் ஐயுறுகின்றனர். ஹுதைபிய்யாவில் தங்கியிருந்தபோது ஒரு நாள் இரவில் மழை பெய்தது. ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழை அல்லாஹ்வின் அருளால் பெய்தது என்பவன் நம்பிக்கையாளன் என்றும், இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்பவன் நன்றி மறந்தவன் என்றும் விளக்கினார்கள். அங்கே கண்டிக்கப்பட்டது மழையைத் தருவது யார் என்பதில் வரும் தடுமாற்றம். மேகத்தின் படத்தையும், காற்றின் திசையையும், ஈரப்பதத்தையும் கணக்கிட்டு, இது நடக்கக்கூடும் என்று சொல்வது வேறு. மறைவானதை அறிவேன் என்று உரிமை கொண்டாடுவது வேறு. நாடி பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவரை நாம் குறிகாரர் என்பதில்லையே!

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. நாளைய நிலையைச் சொல்வதுபோல் பத்து நாள் கழித்து வருவதைச் சொல்ல இயலாது. மலையிலோ ஒரு சரிவில் வெயிலும் அடுத்த சரிவில் மழையுமாக இருக்கும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளும், புறப்படும் காலையிலும் மீண்டும் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுப்படி 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வந்துவிட்டால் கூடாரத்தில் தங்கும் பேச்சே எழக்கூடாது.

இனி முதலாமவருக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் உள்ளது. நம்மில் அதை அறியாதவர் குறைவு. சிரியாவை நோக்கிச் சென்ற ஹலரத் உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று கலீஃபா பதிலளித்தார்கள். ஒரு பெரும் பயணம் பாதிவழியில் கைவிடப்பட்டது. அதனால் அவர்களின் ஈமான் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்?

குளிரும் மழையுமான இரவுகளில், பயணத்தில் இருக்கும்போது, அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கு சொல்பவரை அறிவிக்கச் சொல்வது அண்ணலாரின் வழக்கம் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜமாஅத்தின் சிறப்பை நாம் அறிவோம். மழைக்காக அதிலேயே சலுகை தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஓர் உல்லாசப் பயணத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன்?

உண்மையைச் சொன்னால், அந்தப் பிடிவாதம் பல வேளைகளில் தவக்குலிலிருந்து பிறப்பதில்லை. முன்பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் முகம் வாடும், உறவினர் கேலி செய்வர். இவற்றுக்கு அஞ்சும் மனம் அல்லாஹ்வின் பெயரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. உடன் வருகிற குழந்தைகளும் வயதான உம்மாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது, அவன் உயிரிழந்தான். அவன் அஜல் அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. அதை நாம் விசாரிக்கலாகாது. ஆயினும் மேலே மலையில் பெய்யும் மழை கீழே ஓடையில் வெள்ளமாய் வரும் என்பதை அறிந்த பின், ஓடைக்கரையில் கூடாரம் அடிப்பவர் அமானிதத்தைப் பேணியவராக மாட்டார்.

நாளை செய்வேன் என்று எதைப் பற்றியும், அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் சொல்லாதிருக்கக் கஹ்ஃபு அத்தியாயம் (18:23, 24) கற்பிக்கிறது. நாமும் இன்ஷா அல்லாஹ் என்று தவறாமல் சொல்கிறோம். அவன் நாடாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கிறோமா? திரும்பி வரும் வழியைத் திட்டத்திலேயே வைத்திருப்பவர்தான் அந்தச் சொல்லின் பொருளைக் கடைப்பிடிப்பவர். மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்வது ஸுன்னத். அந்த அமீரும் குடும்பத்தாரும் வீட்டில் இருக்கும்போதே எல்லையைப் பேசி முடித்துவிட வேண்டும்: எச்சரிக்கை வந்தால் போவதில்லை, இடியோசை கேட்டால் உடனே கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ செல்வது, கடைசி இடி முடிந்து 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வருவதில்லை. மின்னலைக் கூடாரம் தடுக்காது. வனத்துறை அனுமதி, மழை வந்தால் தங்க ஓர் அறை, திரும்பும் பாதை ஆகியவற்றையும் முன்பே உறுதி செய்ய வேண்டும்.

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கும்படியும், உறங்கும்போது நெருப்பை அணைத்துவிடும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்து உறங்குவோர் அதன் நச்சுப்புகையால் விழிக்காமலே போய்விடுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டளையை வீட்டிலுள்ளோர் அனைவரும் நினைவில் கொள்ளட்டும். ஓரிடத்தில் இறங்கும்போது ஓதும் பாதுகாப்பு துஆவைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். கட்டிய கயிறும் ஓதிய துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இவ்வளவும் செய்து, பயணத்தை நிறுத்திய நாளில் வெயில் பளிச்சென்று அடிக்கலாம். "வீணாகப் பயந்தீர்களே, வாப்பா!" என்று பிள்ளைகள் சொல்லலாம். அப்போதுதான் சோதனை. இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. நடந்ததை வைத்து மட்டும் முடிவைச் சரி, தவறு என்று தீர்ப்பதற்கில்லை. அறிந்ததைக் கொண்டு அமானிதத்தைப் பேணினோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும். மழையில் நனையாமல் தப்பிய துணிச்சல்காரரைவிட, வெயில் அடித்தும் வருந்தாமல் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்திருப்பவர் தவக்குலை நன்கு அறிந்தவர்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் தங்குதல்களையும் நலமாக்கி, அவன் தீர்ப்பைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.