தெரியாத உழைப்பு

பக்கவாதம் வந்து மூன்றாவது வருடம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில், திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா வலது கையால் காபி டம்ளரைத் தூக்கப் பார்க்கிறார். விரல்கள் பிடிக்கின்றன, தூக்கும்போது நழுவிவிடுகிறது. "மனசு வச்சாத்தானே வரும்? இவரு முயற்சியே பண்றதில்ல" என்கிறார் பெரியம்மா. மூன்று வருடமாக அவரைக் குளிப்பாட்டிவிடுவது பெரியம்மாதான். அந்த அலுப்பைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையா?

ஒருவர் முயற்சி செய்கிறாரா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? செயல்பாட்டு எம்ஆர்ஐ ஒரு வழி சொல்கிறது. அதன் அடிப்படையை 1990இல் செய்ஜி ஓகாவாவும் சகாக்களும் எலி மூளையில் காட்டினார்கள். 1992இல் அது மனித மூளைக்கு வந்தது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. கருவி பிடிப்பது அந்த மாற்றத்தை. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், அது நடவு ஆட்களைப் பார்ப்பதில்லை. எந்த வாய்க்காலில் தண்ணீர் கூடியது என்று பார்த்து, அங்கே நடவு நடக்கிறது என்று ஊகிக்கிறது.

லண்டனில் நிக் வார்டும் சகாக்களும் பக்கவாதம் வந்தவர்களைக் கையை அழுத்தச் சொல்லி, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். ஆய்வுகள் 2003இல் வெளிவந்தன. ஆரம்பத்தில் மூளையின் இரண்டு பக்கமும் பல பகுதிகள் வேலையில் இறங்கியிருந்தன. கை தேறத் தேற அந்தப் பரப்பு சுருங்கியது. சரியாகத் தேறாதவர்களிடம் அது விரிந்தே இருந்தது. அதாவது, ஒரு சின்ன அழுத்தலுக்கு நம்மைவிடப் பெரிய பரப்பை அவர்கள் வேலைக்கு இழுக்க வேண்டியிருந்தது. நாம் சோம்பல் என்று நினைப்பது இப்படிப்பட்ட உழைப்பாகவும் இருக்கலாம்.

'ஆறு மாசத்துக்கு மேல தேறாது' என்ற பேச்சும் ஊரில் உண்டு. 2012இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள், பக்கவாதம் வந்து மாதங்கள் கடந்தவர்களுக்குக் கண்ணாடிச் சிகிச்சை கொடுத்து, அதையொட்டி மூளையையும் படமெடுத்துப் பார்த்தார்கள். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, மறு கைதான் அசைகிறது என்று மூளையை நம்பவைக்கும் முறை அது. நாள் கடந்தவர்களும் ஆராயத் தகுந்தவர்கள் என்ற எண்ணமே எனக்கு முக்கியமாகப் பட்டது.

இந்தப் படங்களைப் பெரியம்மாவிடம் காட்டி வாதாட வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் உறுத்தியது. பெரியப்பாவைப் படமெடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால்? பக்கவாதத்தில் ரத்தக் குழாயே பழுதாகியிருக்கும். வாய்க்கால் உடைந்த இடத்தில் தண்ணீரை வைத்து நடவைக் கணக்கிட முடியாது. அப்போது நானும் அவரைச் சோம்பேறி என்பேனா?

லாக் பார்க்காமல் எதையும் நம்பாத தொழில் என்னுடையது. எந்தச் சிகிச்சை பலிக்கும் என்று தீர்மானிக்க ஆதாரம் வேண்டும்தான். ஒரு மனுஷனின் மன உறுதியை எடைபோடும்போது கணக்கு வேறு. அவர் முயற்சி செய்கிறார் என்று தப்பாக நம்பினால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. செய்யவில்லை என்று தப்பாக நினைத்தால், உள்ளே படாத பாடு படுகிற ஒருவரைத் தினமும் அவமானப்படுத்துகிறோம். ஸ்கேன் வரும்வரை மரியாதையை நிறுத்திவைக்க முடியாது.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிடா, அவரு உழைக்கிறாருன்னே வச்சுக்க. நான் உழைக்கிறது எந்தப் படத்துல தெரியும்?"

பதில் இல்லை. மறுநாள் காலை பெரியப்பாவைக் குளிப்பாட்ட நான் தண்ணீர் காயவைத்தேன்.