வாசலில் நின்ற மேளம்

சென்ற வருஷம் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துக் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். கோயில் என்றால் வேதக்கோயில். திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்கு இரண்டுமே கோயில்தான். அழைத்தவர் என் நண்பர். ஓய்வு பெற்ற வாத்தியார். நாற்பது வருஷமாக அந்தக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் எந்த மதத்தார் கூப்பிட்டாலும் போய்விடுவது என் வழக்கம்.

நான் போனபோது அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"பெரியப்பா, நீங்க ரெண்டு கீர்த்தனை பாடிக்கிடுங்க. மத்ததுக்கு நாங்க கீபோர்டும் டிரம்ஸும் வச்சுக்கிடுதோம். இல்லேன்னா பையமாரு ஒருத்தனும் கோயிலுக்கு வர மாட்டான்" என்றான் நண்பரின் தம்பி மகன்.

"வந்து என்னலே செய்யப் போறான்? ஆடவா? இது கோயிலா, கலியாண வீடா?" என்றார் நண்பர்.

பெஞ்சில் சாய்ந்திருந்த தொண்ணூறு வயசுப் பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேரும் சும்மா இருங்கலே. எங்க காலத்துல ஆராதனைன்னா பாமாலைதான். கீர்த்தனை எல்லாம் சாயந்தரக் கூட்டத்துல பாடுதது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தலைமுறை, மூன்று சங்கீதம். அவரவர் பன்னிரண்டு வயசில் எந்தப் பாட்டைக் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்தாரோ, அதுதான் அவரவருக்குத் தெய்வீகம். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் வெறும் சத்தம்! சைவர்களாகிய நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? தமிழில் பாட மேடை வேண்டும் என்று போராடி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் காண வேண்டியிருந்தது.

உண்மையில் என் நண்பர் தம்முடைய பாட்டன் சொத்தாக நினைக்கும் கீர்த்தனையும் ஒரு காலத்தில் வம்புக்கு இழுக்கப்பட்டதுதான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்கும் அவர் வழிவந்தவர்களும் ஜெர்மன் ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கினார்கள். சொல் தமிழ், மெட்டு ஜெர்மன். நம்முடைய பாட்டு குறில் நெடிலில் நடப்பது. அவர்களுடையது அழுத்தத்தில் நடப்பது. ஆகவே குறில் நீளும், நெடில் குறுகும். அப்படியும் பக்தியோடு பாடினார்கள், அழுதார்கள். அதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு வந்தார் வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரோடு தஞ்சாவூருக்குப் போய், சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதருக்குக் குறவஞ்சி பாடினார் அல்லவா? சாஸ்திரியார் இயேசுநாதருக்குப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனைகள் ஊர் ஊராகப் பரவின. 1853-ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கப் பாதிரியார் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதும் அவை ஆராதனைப் புஸ்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை ரக்ஷண்ய யாத்ரீகம் பாடினார். சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ராக சமுத்திரத்தையே அளந்து பார்க்கத் துணிந்த கிறிஸ்தவர் அவர். எல்லாம் எங்கள் சீமைக்குப் பெருமை.

ஆனால் பெருமையோடு ஒரு முள்ளும் இருக்கிறது. தஞ்சைக்குப் புதிதாக வந்த பாதிரிமார் கோயிலில் தமிழ்ச் சங்கீதம் கூடாது என்றபோது சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். நியாயந்தான். அதே பாதிரிமார், ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றபோதும் கொதித்தெழுந்தார். இரண்டும் அவருக்கு ஒரே ரகமான கொடுமையாகப் பட்டன. தமிழுக்காகக் கதவைத் திறக்கச் சொன்ன அதே கை, இன்னொரு மனிதன் பக்கத்தில் வந்து உட்காராதபடி தடுக்கவும் செய்தது. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம்முடைய சங்கீதத்துக்குள்ளேயே 'நாம்' யார், 'அவர்கள்' யார் என்ற கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அன்று கண்ணால் பார்த்தேன்.

நெல்லும் வாழைத்தாரும் பூசணிக்காயும் சுமந்துகொண்டு ஜனங்கள் தெருவில் பவனி வந்தார்கள். முன்னால் இருவர் தப்பு அடித்துக்கொண்டு வந்தார்கள். அடியா அது! என் வயசை மறந்து கால் தாளம் போட்டது. கோயில் வாசல் வந்தது, மேளம் நின்றது. பெரியவராக இருந்தவர் தப்பை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவரும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான்.

உள்ளே ஆர்மோனியம் ஒலித்தது. அப்புறம் டிரம்ஸும் ஒலித்தது. பையன் ஜெயித்துவிட்டான். கடல் கடந்து வந்த தோலுக்கு உள்ளே இடம் கிடைத்தது. ஊரில் பதப்படுத்திய தோல் வேப்பமரத்தடியில் கிடந்தது.

மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) இதைத்தான் கேட்டார். கர்நாடக சங்கீதத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்து 'தமிழாக்கி விட்டோம்' என்று பெருமைப்படுகிறீர்களே, எந்தத் தமிழனுடைய சங்கீதம் அது என்பது அவர் கேள்வி. கிராமத்து மெட்டிலேயே ஆராதனை முறை அமைத்து, பறையை உள்ளே கொண்டுவந்தார்.

ஆகவே தப்பை உள்ளே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்கும் தோன்றியது. ஆராதனை முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் போனேன்.

"உள்ளே அடிக்கலாம் என்று சொன்னால் அடிப்பீர்களா?" என்றேன்.

"எனக்கு ஆசைதான் ஐயா. எம் மகன் வேண்டாம்ங்கான். 'இந்த மேளத்தைக் காட்டித்தான நம்மளக் கேவலமாப் பாத்தாங்க, அதக் கோயிலுக்குள்ளயும் தூக்கிட்டு வரணுமா'ங்கான். அவன் சொல்லுததும் சரியாத்தான் இருக்கு."

நான் வாயடைத்துப் போனேன். சாவு வீட்டில் கூலியில்லாமல் அடிக்கச் சொல்லி வதைத்த மேளத்தை ஒருவன் தூர எறிவதும் விடுதலை; தகப்பன் கை வித்தையை ஒருவன் தலை நிமிர்ந்து அடிப்பதும் விடுதலை. எது என்று வெளியாள் தீர்மானிக்க முடியாது.

ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் அகுஸ்தீன் என்ற ஞானி இந்த விஷயத்தில் தவித்தார். மிலான் நகரக் கோயிலில் கேட்ட பாட்டுக்கள் அவரை அழ வைத்தன. பிற்காலத்தில் ஒரு சந்தேகம் வந்தது: பாடப்படும் பொருளைவிடப் பாட்டே என்னை மயக்கிவிட்டால் அது பாவமல்லவா? ஆனாலும் பாட்டே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காதின் இன்பத்துக்கு அவர் பயந்தார். எனக்கு அந்தப் பயம் இல்லை. அழகான பாட்டில் மயங்கிக் கடவுளைக் கொஞ்ச நேரம் மறந்தவன் திரும்பி வந்துவிடுவான். எனக்குப் பயம் காதின் கர்வத்தைப் பற்றி. என் பாட்டுத்தான் சுத்தம் என்று பாடுகிறவன் கடவுளையும் மறக்கிறான், பக்கத்திலிருப்பவனையும் மறக்கிறான். மறந்தது அவனுக்குத் தெரிவதும் இல்லை.

வழிபாடு என்றால் என்ன? எதையும் மறைக்காமல் ஒருவர் முன்னால் நிற்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தம் கையின் வித்தையை வாசலில் மறைத்து வைத்துவிட்டு வந்தார். ஒருவன் தன்னில் பாதியை மரத்தடியில் விட்டுவிட்டு வரவேண்டியிருந்தால், உள்ளே நடக்கிற பாட்டு எந்த ராகமாக இருந்தால் என்ன, எந்த ஸ்வரமாக இருந்தால் என்ன? ஆராதனையில் அந்த அளவு குறைதான்.

மத்தியானம் அசனம். ஒரே உலையில் பொங்கிய சோறு, ஒரே வரிசை. தொண்ணூறு வயசுக்காரர், வாத்தியார், டிரம்ஸ் அடித்த பையன், தப்பு அடித்த பெரியவர், சைவனாகிய நான். அதுவே ஒரு காலத்தில் நடக்க முடியாத காரியமாக இருந்தது.

"என்னவே யோசிக்கீரு? மேளத்தை உள்ள விடணும்ங்கீரா?" என்று கேட்டார் நண்பர்.

"விடுவதற்கு நீர் யார், நான் யார்? அவரையும் அவர் மகனையும் உட்கார வைத்துக் கேட்டுப் பாரும். இதுவரை யாராவது கேட்டதுண்டா?" என்றேன்.

நண்பர் பதில் சொல்லவில்லை. இலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரைப் பார்த்தார்.