கொக்கு என்று சொல்லிவிட்டு நகராதே!

காலையில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று கத்துகிறாய். அன்றைக்கே நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஏன் தெரியுமா தம்பி? நீயே பார்த்து, நீயே சோதித்து, இது இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல உன்னிடம் ஒரு விஷயம்கூட இல்லை. எல்லாம் யாரோ சொன்னது, எங்கோ படித்தது. இரவல் அறிவை வைத்துக்கொண்டு எவனும் நெஞ்சு நிமிர்த்த முடியாது.

கிளம்பு! கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், உப்பங்கழி தெரியும் இடத்தில் இறங்கு. "அதோ கொக்கு" என்று சொல்லிவிட்டு நகராதே. எந்தக் கொக்கு? நம் பக்கத்தில் வெள்ளையாக நிற்கும் கொக்கு மட்டுமே நான்கு வகை. காலைப் பார். கறுப்புப் பேன்ட்டுக்கு மஞ்சள் செருப்பு மாட்டியதுபோல் கால் கறுப்பாகவும் பாதம் மஞ்சளாகவும் இருந்து, அலகும் கறுப்பாக இருந்தால் அது சின்னக் கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் நடுக்கி நடுக்கி ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்பும். கிளம்பியதும் ஒரே கொத்து. அலகு மஞ்சள், உடம்பு குட்டை, மாட்டின் காலடியிலேயே திரிகிறதா? உண்ணிக்கொக்கு. மீதி இரண்டும்தான் ஆளைக் கவிழ்க்கும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் குளிர்காலத்தில் அலகு மஞ்சள்தான், கால் கறுப்புதான். அப்போது அலகோரத்திலிருந்து கண் பக்கம் ஓடும் வாய்க்கோட்டைப் பார். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு.

அந்தக் கோட்டை உன் கண்ணால் பிடித்துவிட்ட நாளில், பெரிய படிப்புப் படித்தவரே வந்து மாற்றிச் சொன்னாலும் "இல்லைங்க ஐயா, வாய்க்கோட்டைப் பாருங்க" என்பாய். அந்தக் குரலுக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

கேமரா இல்லை, பைனாகுலர் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் நீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடச் சொல், மூடாது; நடுவே ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். நத்தையின் ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவ வந்த அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நண்பனிடம் சொல், நம்ப மாட்டான். கூட்டிக்கொண்டு போய்க் காட்டு! பெயர் சொல்லும் செயலியை மட்டும் முதலிலேயே திறக்காதே. நீ ஒரு பெயரைத் துணிந்து சொல், அப்புறம் அதைக் கேள்.

அந்த வேடந்தாங்கல் யார் காப்பாற்றிய ஊர் என்று நினைக்கிறாய்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது அந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடமே போய் முறையிட்டார்கள். கையில் பட்டமில்லை, பதவியில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் எப்படி விளையும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். அது கண்ணால் கண்ட விளைச்சல். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துக் 'கவுல்' என்னும் பத்திரம் எழுதித் தந்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. துப்பாக்கிக்கு எதிரே நின்று பேச அந்த விவசாயிகளுக்கு எந்தப் பயிலரங்கம் தைரியம் சொல்லிக்கொடுத்தது?

பட்டம் இல்லையே என்று கூனிக் குறுகுகிறாயா? பறவையியலாளர் சலீம் அலிக்கும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது; அதைக் காட்டியே வேலை மறுத்தார்கள். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகத்தை வைத்துத்தான் இந்த நாடே பறவை பார்க்கக் கற்றது.

வயது சின்னது என்கிறாயா? பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் டாஸ்மேனியாவுக்குப் பறந்தது: 13,560 கிலோமீட்டர்! அதற்கு வயது ஐந்து மாதம். அந்த வழியில் ஒரு தடவைகூட அது அதற்கு முன் போனதில்லை. அதன் பங்காளி கருவால் மூக்கன் நம் உப்பங்கழிக்கே வருகிறது. நீ பஸ்ஸில் குனிந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போகிறாய்.

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் ஐந்து ரதத்தின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். போகட்டும். நீ தெற்கே சதுரங்கப்பட்டினம் தாண்டிப் பாலாற்று முகத்துவாரம் வரை போ. ஆலாக்கள் தலைகுப்புற நீரில் பாய்வதைப் பார். கரையில் ஓடும் உள்ளான்களை வகை பிரிக்கத் தலை சுற்றும், சுற்றட்டும். எனக்குத் தெரிந்து உள்ளானிடம் தோற்காத பறவை ஆர்வலர் எவருமில்லை. தோற்றவர்கள்தான் மறுவாரமும் அதே சேற்றில் போய் நிற்கிறார்கள்.

வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, தகுதித் தேர்வும் இல்லை. ஓர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். வருகிற பொங்கலுக்குக் கரும்பைக் கடித்துக்கொண்டே உன் ஊர் ஏரிக்குப் போ தம்பி, நீயும் போ தங்கச்சி. உறுதியாகத் தெரிந்த பறவையின் பெயரை மட்டும் எழுது. பட்டியலில் இரண்டே பெயர் இருந்தாலும் அனுப்பு!