அருகில் நிற்பவர்களுக்கும் ஆறுதல் வேண்டும்

1930இல் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு மலேசியாவின் சுங்கை பூலோவில் எழுந்தது. 2020இல் கோவிட் பெருந்தொற்றை முன்னணியில் நின்று எதிர்கொண்டதும் சுங்கை பூலோ மருத்துவமனைதான். ஊர் அஞ்சி விலகிய நோயாளிகளை அஞ்சாமல் நெருங்கியவர்களில் தாதியரும் உண்டு.

பிறர் வலியைத் தணிக்கும் கைக்கும் வலி உண்டு. மறைத்த பாரம் நாளுக்கு நாள் கனக்கும். நம்பிக்கையானவரிடம் சொன்ன பாரம் பாதியாய்க் குறையும். வேளை தவறாத உணவு, கலையாத உறக்கம், சீருடையைக் களையும்போதே வேலையின் நினைவையும் களையும் பழக்கம் ஆகிய மூன்றும் அடுத்த நோயாளிக்காகத் தாதியர் செய்யும் ஆயத்தம்.

தீராத பணி அழுத்தத்தால் வரும் சோர்வைப் பணி சார்ந்த நிலை என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியது. எனவே அதைத் தணிக்கும் பொறுப்பு தாதியருடையது மட்டுமன்று. பணி அட்டவணை வகுப்போருக்கும், உடன் உழைப்போருக்கும், வீட்டில் காத்திருப்போருக்கும் அதில் பங்கு உண்டு.

தாதியரே, களைத்தபோது ஓய்வு கேட்கத் தயங்காதீர்கள். கலங்கியபோது துணை தேடக் கூசாதீர்கள். உங்களைப் பேணிக்கொள்வதும் உங்கள் சேவையின் ஒரு பகுதியே.