அநுபவம் பொய் சொல்லுமா?



2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலிலும் விடாத மழை. ஆராதனைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இரவு ஏரலிலிருந்து அக்காள் போன் செய்தாள். "தம்பி, ஆத்துல தண்ணி ஏறுதாம், கிளம்பட்டுமா?" என்றாள். "பயப்படாதக்கா, 92-லயே முழங்காலுக்கு மேல வரலியே" என்று சொல்லிவிட்டேன். 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளத்தின்போது அத்தானுடைய அப்பா நடைச் சுவரில் போட்ட கரிக்கோட்டை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

விடிவதற்குள் ஜன்னல் மூழ்கிவிட்டது. பிள்ளைகளோடு இரண்டு நாள் மொட்டைமாடியில் கிடந்தார்கள். உயிர் தப்பினது தேவகிருபை. காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது.

வேதாகமக் கல்லூரியில் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிப் படித்தோம். இத்தனை நாள் சூரியன் உதித்ததை வைத்து, நாளைக்கும் உதிக்கும் என்று நிரூபிக்க முடியாது என்று 1748-ல் வாதித்தவர். அவிசுவாசியின் பேச்சு என்று சிரித்தோம். ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்தும் போனேன். அக்காள் மழையில் நனைந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

கரிக்கோடு பொய் சொல்லவில்லை. 92-ல் இதுவரை வந்தது என்றுதான் அது சொன்னது, அது நிச்சயமே. "இதற்கு மேல் வராது" என்பதைச் சேர்த்தவன் நான்.

அப்படியானால் அநுபவமே வேண்டாமா? நம் கரிசல்காட்டு விவசாயி ஐப்பசி மழையை நம்பித்தானே விதைக்கிறான்? நம்பாவிட்டால் சோறு ஏது? ஆனாலும் விதை முழுவதையும் ஒரே மழைக்குப் போட்டுவிடமாட்டான், கொஞ்சம் எடுத்து வைப்பான். டிப்ளமா வாங்கின எனக்கு அந்த அளவு தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. நான் "பயப்படாத" என்றதை அக்காள் விசுவாச வார்த்தை என்று எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் ஜெபித்துச் சொல்லவில்லை, சுவரை நினைத்துச் சொன்னேன். அதிலிருந்து, சாட்சி சொல்லுகிறவர்களிடம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், "இனி இந்த வியாதி வராது" என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள் என்கிறேன். சிலருக்கு வருத்தம்தான்.

பிறகு ஏரலுக்குப் போனபோது, ஜன்னலுக்கு மேலே அத்தான் பெயிண்டில் புதுக்கோடு போட்டிருந்தார். "இதுக்கு மேல வருமா மாப்ளே?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அக்காள் சர்டிபிகேட், பத்திரம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தாள்.